சூரியனின் முதுகுப் பக்கம் போன புள்ளி

மகள், ஸலாம் முதலில். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். என் கதை எந்தப் பக்கம் ஓடினாலும் கூடவே ஓடிவந்து வளர்ந்த பிள்ளை நீ, ஆகவே வரிசை தப்பினாலும் பிடித்துக்கொள்வாய். நீ விமானம் ஏறிய கையோடு உன் பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியர்மார் என் வள்ளத் துறைக்கு வந்தார்கள். ஆண்டு மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் போட வேண்டும், வளர்த்த மாமா என்ற முறையில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் என்னைப் பற்றிச் சொல்லவே போதாது, இதில் சூரியனையும் சேர்ப்பது என்றால் மலரைக் கொஞ்சம் தடிப்பாக அடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் உறையை ஒட்டவில்லை. கற்பிட்டியில் இருந்து மதுரங்குளி வரைக்கும் விரும்பியவர்கள் வாசிக்கலாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று யாராவது உனக்கு நினைவூட்டினால், பள்ளிக்கூடத்திடம் அதற்கு மேல் எனக்குக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை என்று சொல். கடல் எனக்கு மிச்சத்தைப் படிப்பித்தது. நம் ஊர் கண்டக்குழியில் டொல்பின் காட்ட வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகும் வள்ளங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் லொட்ஜ்காரர்கள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். நான் விசில் அடித்தால் டொல்பின் வரும் என்பது இந்தக் கரை முழுக்கத் தெரிந்த விசயம். அது காற்றின் திசையைப் பொறுத்தது என்று என் தங்கச்சி, உன் உம்மா சொல்வாள். அவள் கரையில் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் நிற்பவள், நடுக்கடலில் என் விசிலைக் கேட்டவளா? துறையில் நான் நட்டிருக்கும் பலகையில் மூன்று பாசையிலும் ‘டொல்பின் காரண்டி’ என்று எழுதியிருப்பது உனக்குத் தெரியும். அந்தக் காரண்டிதான் இந்தக் கடிதத்தில் எல்லா வில்லங்கத்துக்கும் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உனக்குச் சூரியனில் எப்படிப் பித்துப் பிடித்தது என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தொடக்கி வைத்தவன் நான். நீ சின்னப் பிள்ளை. வந்த விருந்தாளிகள் கடலில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று நச்சரிக்க, நான் கொழும்பில் இருந்து ஒரு ஸ்பீக்கர் எடுப்பித்தேன். ஆட்டுக்குட்டி அளவு பெரியது. அதை நனையாத இடமாகப் பார்த்துத் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே இறுக்கிக் கட்டிவிட்டேன். அன்றைக்குப் பனிமூட்டம். திசைகாட்டி சொன்ன பக்கமே ஓட்டினேன், பாட்டும் நன்றாகப் போனது. மூட்டம் விலகிப் பார்த்தால் எதிரே தலவில அன்னம்மாள் கோயில் நிற்கிறது. டொல்பின் இருக்கும் பக்கம் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ. உங்களுக்கு இந்தக் கோயிலைக் காட்டத்தான் கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் வந்தேன் என்றேன். அவர்கள் நெகிழ்ந்து படம் எடுத்தார்கள். இப்போதும் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள்.

கரைக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்தாய், முள்ளை இழுத்தது அதற்குள் இருக்கும் காந்தம்தான் என்றாய். அதை மணலில் இறக்கச் சொல்லி, திசைகாட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். ஒவ்வொரு இடத்திலும் முள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமாக ஈர்க்குக் குச்சியால் மணலில் ஒரு கோடு. பின்னேரம் ஆகும்போது ஸ்பீக்கரைச் சுற்றி மணலெல்லாம் கோடு. சீப்பால் வாரிவிட்ட தலைமயிர் மாதிரி, ஒரு பக்கத்தால் புறப்பட்டு வளைந்து போய் மறுபக்கத்தால் உள்ளே போனது. கண்ணுக்குத் தெரியாத சாமானை நீ கண்ணுக்குத் தெரிய வைத்துவிட்டாய். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நீ நிமிர்ந்து, “நாளைக்கும் இப்பிடித்தான் காட்டுமா மாமா?” என்று கேட்டாய். காந்தம் காந்தம்தான், நாளைக்கும் இதுதான், உலகம் அழியும் கியாமத்து நாள் வரைக்கும் இதுதான் என்றேன். நீ என் பேச்சை எடுக்காமல், மறுநாள் விடிந்ததும் வந்து திரும்பவும் நடந்து பார்த்தாய். அதே கோடுதான். உன் முகம் கொஞ்சம் வாடியது. நாளைக்கு வேறு மாதிரி இருக்கும் காந்தத்தைத் தேடித்தான் நீ பிறகு சூரியன் வரைக்கும் போனாய் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நீ மறுக்கலாம். மறுத்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு வந்தாய். மலை உச்சியில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே கோபுரம் கட்டி வைத்திருக்கும் நாட்டில் இருந்து உன்னை மேலே படிக்கக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தவணை தந்திருந்தார்கள். நீ உம்மாவிடம் சொன்னபோது அவள் பாரைக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “சூரியனப் பார்க்கவா அவ்வளவு தூரம்? இஞ்ச இல்லாத சூரியனா?” என்றாள். பிழை சொல்ல முடியாத கேள்வி. கண்டக்குழியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வந்ததில்லை. அந்த வெயிலில் மீனைக் காயவைத்துத்தான் அவள் உன்னைப் படிப்பித்தாள்.

ஆனால் அவள் கேட்டது சூரியனைப் பற்றி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த கதை என்பதால் இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. உன் வாப்பா அரபு நாட்டுக்குப் போகும்போது பெருநாளுக்கு வந்துவிடுவேன், உறுதி, உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பெருநாள் என்று சொல்லவில்லை. கொஞ்சக் காலம் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அன்றில் இருந்து யாராவது தூரம் போகிறேன் என்றால் உன் உம்மா எதையாவது புரட்டத் தொடங்கிவிடுவாள், மீன் இல்லாவிட்டால் தலையணையை.

நீ வந்து என்னிடம் உட்கார்ந்தாய். உம்மாவுக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பை நான் எடுத்தேன். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன் நான்தானே. அன்று ராச்சாப்பாட்டுக்குப் பாணும் மீன்குழம்பும். நான் தொடங்கினேன்: சூரியனின் முகத்தில் கறுப்புப் புள்ளிகள் வரும், ஒவ்வொன்றும் இந்தப் பூமியை விழுங்கும் அளவு, அதற்குள் இருக்கும் காந்தம் நம் திசைகாட்டியை ஆட்டும் காந்தத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலமானது, அது முறுக்கிக்கொண்டு வெடித்தால் நெருப்புப் புயல் புறப்பட்டு வந்து போனையும் கரண்டையும் விழுத்தும், உன் மகள் அந்தப் புயலைப் பிடிக்கத்தான் போகிறாள் என்றேன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். உன் உம்மா பாணைத் தட்டில் வைத்துவிட்டு, “அப்ப அது வெடிக்கிற இடத்துக்குக் கிட்டவா இவ போறா?” என்று கேட்டாள். நீ தலையில் கைவைத்தாய்.

மறுநாள் நீ என் பைனாகுலரைக் கேட்டாய். டொல்பின் பார்க்கும் அதே பைனாகுலர்தான். கருவாடு கட்டி வைக்கும் கொட்டிலில் ஓலைச் சுவரை விலக்கி, ஒரு கண்ணை மூடியால் அடைத்து, மறு கண்ணைச் சூரியனுக்கு நேரே தூக்கிக் கட்டி, பின்பக்கம் எதிரே ஒரு வெள்ளைக் காகித மட்டையைச் சாத்தினாய். மட்டையில் தேங்காய்த் துண்டு அளவில் ஒரு சூரியன் வந்து விழுந்தது. இதை வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அந்தக் குழாயில் யாரும் கண்ணை வைக்கக் கூடாது, கண் பொசுங்கிவிடும். மட்டையில் மட்டும்தான் பார்க்க வேண்டும். இதை நான் உனக்குச் சொல்லித் தந்தேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நீ எனக்குச் சொல்லித் தந்தாய்.

உம்மா கூடை எடுக்க உள்ளே வந்தாள். மட்டையில் சூரியனின் இடது ஓரத்தில் கறுப்பாக ஏதோ இருப்பதைக் கண்டு, மட்டை ஊத்தையாக இருக்கிறது என்று முந்தானையால் துடைக்கப் போனாள். அப்போது புள்ளி அவள் புறங்கையில் ஏறி உட்கார்ந்தது. கையை எடுத்தாள், புள்ளி மட்டைக்குப் போனது. வைத்தாள், கைக்கு வந்தது. கருவாட்டுப் புழுதியும் உப்பும் பட்டு வெடித்த அந்தக் கையில் முழுச் சூரியனும் இருந்தது, அதன் ஓரத்தில் பூமியை விழுங்கும் புள்ளி ஒரு மிளகு அளவில் இருந்தது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூடையை எடுக்க மறந்து போய்விட்டாள்.

அதன் பிறகு மூன்று பேரும் தினமும் பார்த்தோம். நீ காலையில் மட்டையைச் சரி பண்ணுவாய், அவள் மீனைப் பரப்பிவிட்டு வருவாள், நான் விருந்தாளிகளைக் கரையில் நிற்க வைத்துவிட்டு ஓடி வருவேன். புள்ளி ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்தது. சூரியன் உருளுவதால் அது நகர்கிறது என்றாய். கிட்ட வரவரத்தான் அது ஒரு புள்ளி இல்லை, ஒரு கூட்டம் என்று தெரிந்தது. முன்னால் ஒரு பெரியது, பின்னால் சின்னதும் சிதறியதுமாக. உன் உம்மா அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டாள், முன்னால போறவ, பின்னால வாறவ. படித்தவர்களும் முன்புள்ளி, பின்புள்ளி என்றுதான் சொல்வார்கள் என்று நீ ஆச்சரியப்பட்டாய். இந்தக் குடும்பத்தில் அறிவு எங்கிருந்து வருகிறது என்று ஊர் கேட்டால், அவள் நானா என்று கூப்பிடும் இந்த அண்ணன்காரனில் இருந்து தங்கச்சிக்குப் போனது என்று சொல்.

பிறகு நீ போனில் வேறொரு படம் காட்டினாய். விண்வெளியில் நிற்கும் கருவி எடுத்தது, அதே சூரியன், அதே நாள். ஆனால் அதில் வெளிச்சம் இல்லை. முழுக்கச் சாம்பல் நிறம், புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டும். வெள்ளை என்றால் காந்தம் நம் பக்கம் வெளியே வருகிறது, கறுப்பு என்றால் உள்ளே போகிறது. முன்னால் போகிறவள் வெள்ளை, பின்னால் வருகிறவள் கறுப்பு. மணலில் நீ கீறிய கோடுகள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. உம்மா விடவில்லை. காந்தம் கண்ணுக்குத் தெரியாது என்றாயே, பிறகு எப்படிப் படம் என்றாள். நீ என் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூல் கட்டையை எடுத்து ஒற்றை இழையை வெயிலில் இழுத்துப் பிடித்தாய். சூரிய வெளிச்சத்தை நிறம் நிறமாக விரித்துப் பார்த்தால் நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும், இந்த இழை மாதிரி. புள்ளிக்குள் இருந்து வரும் வெளிச்சத்தில் அந்தக் கோடு ஒன்றாக நிற்காது, இரண்டு மூன்றாகப் பிரியும். காந்தம் பலமாக இருந்தால் பிரிந்த இழைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், பலம் குறைந்தால் நெருக்கம். அந்த இடைவெளியை அளந்துதான் காந்தத்தை அளக்கிறார்கள். அதை ஒரு தரம் அளந்தால் போதாது, விடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அது மாறிக்கொண்டே இருக்கும் என்றாய். எந்த மாற்றம் வெடிக்கும் மாற்றம், எந்த மாற்றம் சும்மா கலைந்து போகும் மாற்றம் என்று இன்னும் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது, அதைத்தான் படிக்கப் போகிறேன் என்றாய். இதையே நான் பிறகு துறையில் சொன்னபோது, சூரியனில் தங்கூசி போட்டு மீன் பிடிப்பார்கள் என்று முடித்தேன். சுருக்கம் அதுதான்.

மாறியதை நாங்களும் கண்ணால் கண்டோம். ஒரு நாள் கறுப்புத் திட்டில் ஒரு கீற்று வெள்ளைக்குள் நுழைந்து நெருக்கியது. மறுநாள் இரண்டும் உரசிக்கொண்டு எதிரும் புதிருமாக வழுக்கின. உன் உம்மா, “ரெண்டும் சண்டைக்கி நிக்கிது” என்றாள். அன்றைக்கே ஒரு வெடிப்பு நடந்தது என்று நீ செய்தி பார்த்துச் சொன்னாய். நடுக்கடலில் என் ஜிபிஎஸ் என்னை வேறு பக்கம் இழுத்ததும் அன்றைக்குத்தான். என் மருமகளின் புள்ளி என் வள்ளத்தைத் திருப்பியது என்று நான் கரையெல்லாம் சொன்னேன். நீதான் என் கையைப் பிடித்து இழுத்து, “ஒரு நாள் நடந்தத வச்சி அப்பிடிச் சொல்ல ஏலாது மாமா. அந்த ஜிபிஎஸ் போன மாசமும் புழுகினதுதானே” என்றாய். ஜிபிஎஸ் புழுகியதா நான் புழுகினேனா என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். அவனுக்கு நான் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

புள்ளிக் கூட்டம் நடுவைத் தாண்டி மறு ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் அது ஒடுங்கி, ஈர்க்குப் போல மெலிந்து, ஒரு காலையில் இல்லாமல் போனது. உம்மா மட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கே போனது என்றாள். சூரியனின் முதுகுப் பக்கம் போயிருக்கிறது, ஏறக்குறைய இரண்டு கிழமை, பதினாலு நாள் அளவு, அங்கே இருக்கும் என்றாய். அவள் குரலை ஒன்றும் மாற்றாமல்தான் கேட்டாள், “திரும்பி வருமா?”

நான் பாய்ந்து முன்னால் வந்தேன். தினமும் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வரும், காரண்டி, வராவிட்டால் என் பெயரை மாற்றுங்கள் என்றேன். உம்மா என்னைப் பார்க்கவேயில்லை. உன்னைப் பார்த்தாள்.

“தெரியா உம்மா” என்றாய் நீ. “சிலது வரும். சிலது அங்கேயே கரஞ்சி போயிரும். இது பெருசு, வரக்கூடும். ஆனா வரும் எண்டு என்னால சொல்ல ஏலாது.”

அன்றைக்கு வள்ளத்தடியில் நான் உன்னோடு சண்டை பிடித்தது உனக்கு நினைவிருக்கும். உன் தவணை முடியப் போகிறது, உம்மா அந்தப் புள்ளியைப் புள்ளியாகப் பார்க்கவில்லை, முதுகுப் பக்கம் போகிறது திரும்பி வரும் என்று ஒரு சொல் சொன்னால் மனம் இளகிவிடுவாள், யார் வந்து உன்னைப் பிடிக்கப் போகிறார்கள் என்றேன். டொல்பின் வராத நாளிலும் நான் வரும் என்றுதான் கூட்டிப் போகிறேன், அது பொய்யில்லை, நம்பிக்கை என்றேன். நீ மணலைக் காலால் தள்ளிக்கொண்டு, “வாப்பாவும் அப்பிடித்தானே மாமா சொல்லிட்டுப் போன” என்றாய். நான் சுருட்டி வைத்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் சுருட்டத் தொடங்கினேன்.

அந்த இரண்டு கிழமையும் வீட்டில் ஒருவரும் கோபுரத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. முதுகுப் பக்கத்தை ஊகித்துச் சொல்லும் படங்களும் இருக்கின்றன என்று நீ போனில் பார்த்தாய், அதில் ஒன்றும் தெளிவாக இல்லை என்று மூடி வைத்தாய். இதற்குள் நோன்புப் பிறை பார்க்கும் நாள் வந்தது. வழக்கம்போல ஊரே கடற்கரையில். வழக்கம்போல நான்தான் முதலில் கண்டேன். பள்ளிவாசலில் என் சாட்சியை மட்டும் தனியே உட்கார வைத்துக் கேட்பார்கள், அது ஒரு மரியாதை. உன் உம்மா அன்றைக்குப் பெண்கள் கூட்டத்தில் நின்று பிறையைத் தேடாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புள்ளி வர வேண்டிய நாள் விடிந்தது. நோன்பு வாயோடு நான் உங்களுக்கு முன்னமே கொட்டிலுக்குப் போய்விட்டேன். பைனாகுலரைக் கட்டி, மட்டையைச் சாத்தி, சூரியன் விழுந்ததும் பார்த்தால் இடது ஓரத்தில், வர வேண்டிய இடத்திலேயே, கறுப்பாக ஒரு புள்ளி. நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற காகமெல்லாம் பறந்தது. வந்தது, வந்தது, நான் சொன்னேனா இல்லையா என்று உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தேன். நீ குனிந்து பார்த்தாய், உன் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது, ஆனால் நீ வாய் திறக்க முதல் உம்மா முன்னால் வந்தாள். கையைக் கொண்டுபோய் மட்டையின் மேல் வைத்தாள். சூரியன் அவள் கையில் விழுந்தது. ஓரம் விழுந்தது, வட்டம் முழுவதும் விழுந்தது. புள்ளி வரவில்லை. கையை எடுத்தாள், புள்ளி மட்டையில் இருந்தது.

“நானா, இது ஈப் பீ” என்றாள்.

கருவாட்டுக் கொட்டிலில் வெள்ளை மட்டையை இரண்டு கிழமை சும்மா வைத்தால் ஈ வந்து எச்சமிடாமல் வேறென்ன நடக்கும். உலகத்தில் எந்தக் கோபுரத்திலும் இந்தப் பிழை நடந்திருக்காது, அதற்குக் கண்டக்குழிக்கு வர வேண்டும். நான் அதைப் புள்ளி என்றே நம்பினேன், இன்றைக்கும் அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் நம்பியிருப்பார்கள். நீ போனைத் திறந்து அன்றைய சாம்பல் படத்தைக் காட்டினாய். பழைய வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டும் இருந்த இடத்தில் கூட்டம் இல்லை. அரிசிமாவும் கரித்தூளும் சிந்தியது போல அகலத்துக்குப் பரந்து கிடந்தது. “புள்ளி போயிட்டு உம்மா. காந்தம் மட்டும் இரிக்கி, மெலிஞ்சி, பரந்து போய்” என்றாய். நீ உன் பயணமும் அதோடு போய்விட்டது என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உம்மா கொட்டில் வாசலில் உட்கார்ந்தாள். உன்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். நீ சின்னதில் ஒரு பெருநாள் பிறை பார்க்கப் போன கதையை எடுத்தாள். ஊரே அந்தா அந்தா என்று கைகாட்ட, மாமாவின் தோளில் உட்கார்ந்திருந்த நீ மட்டும் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாம். மாமா உன்னைத் தோளில் இருந்து இறக்கிவிட்டு ஆட்டிறைச்சி வாங்க ஓடினாராம். பிறகு அன்றைக்கு நாடு முழுக்க எங்கேயும் பிறை தெரியவில்லை என்று அறிவித்தார்களாம். எனக்கு அப்படி ஒரு நினைவும் இல்லை. இறைச்சி ருசியாக இருந்தது மட்டும் ஞாபகம்.

பிறகு அவள் கேட்டாள், “நீ போனா திரும்பி வருவியா?”

நான் உன் பின்னால் நின்று, சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் தள்ளினேன். நீ கடலைப் பார்த்தாய், மீன் பாயைப் பார்த்தாய், உண்மையிலேயே யோசித்தாய். மற்ற யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்குள் மூன்று சத்தியம் பண்ணியிருப்பார்கள். பிறகு, “வருவன் உம்மா” என்றாய். அவ்வளவுதான். உறுதி என்றோ காரண்டி என்றோ ஒட்டு வைக்கவில்லை.

“அப்ப போயிட்டு வா” என்றாள் உன் உம்மா. “புள்ளி வந்தா விடுறதும் வராட்டி மறிக்கிறதுமா? நான் அதப் பார்க்கல்ல. தெரியாததத் தெரியா எண்டு சொல்ற வாய், வருவன் எண்டு சொன்னா வரும்.” சொல்லிவிட்டு எழும்பி மீனைப் புரட்டப் போனாள். அன்றைக்கு அவள் புரட்டியது மீன் புரட்ட வேண்டிய நேரம் என்பதால் மட்டும்தான்.

மகள், வளர்த்தவர்கள் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்று ஆசிரியர்மார் சொல்லிவிட்டுப் போனார்கள். குளிருக்கு உடுப்புப் போடு. கோபுரத்தில் உன்னைவிடப் படித்தவர்கள் ஒரு புள்ளியைக் காட்டி இது வெடிக்கும், இது வெடிக்காது என்று அடித்துச் சொன்னால், அவர்கள் வீட்டிலும் பலகை எழுதிய மாமா ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கையை வைத்துப் பார். என்னைப் போல வாயுள்ள ஆட்களோடு வேலை செய்ய நேர்ந்தால் அவர்களை வெறுக்காதே, வள்ளத்தில் பயணம் கலகலப்பாகப் போவது அவர்களால்தான். ஆனால் அளக்கும் வேலையை அவர்கள் கையில் கொடுக்காதே. மற்றபடி எனக்குப் புத்திமதி வராது. என் பலகையும் அப்படியே நிற்கிறது. காரண்டியை அழிக்கச் சொல்லி உன் உம்மா பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறாள். டொல்பின் வேறு, சூரியன் வேறு என்று சொல்லியிருக்கிறேன்.

இதை முடிக்கும் நேரத்தில் ஒரு செய்தி. மட்டையை மாற்றிவிட்டோம், இப்போது ஒரு நாளும் தவறாமல் பார்ப்பது உன் உம்மாதான். இன்று காலை இடது ஓரத்தில் புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கிறது, போனது இருந்த அதே உயரத்தில். உம்மா முதலில் கையை வைத்தாள், புள்ளி கையில் ஏறியது. நான் உடனே கடைத்தெருவுக்குப் போய் நம் பழைய புள்ளி திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன், பாதிப் பேருக்குத் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதப் போனேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உன் உம்மா பேனையைப் பிடித்துக்கொண்டு, தெரியாது என்று எழுதுங்கள் நானா, பிள்ளை அங்கே அளந்து பார்த்துச் சொல்லட்டும் என்கிறாள்.

ஆகவே எழுதுகிறேன். இது பழையதா புதியதா என்று எங்களுக்குத் தெரியாது. இந்தச் சொல்லை நான் என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர்மார் திருத்தட்டும். நீ கோபுரத்தில் ஏறி அதன் காந்தத்தைப் பார்த்துவிட்டு உம்மாவுக்கு ஒரு போன் எடு. மீன் பரப்பியதும் அவள் மட்டைக்கு முன்னால்தான் நிற்பாள்.